விற்றுப்போகும் மாடல்... அழுகிப்போகும் மாடல்! பழத்தை வரைவது என்ன அவ்வளவு லேசா?

மனிதரை வரைபவருக்கு ஒரு வசதி இருக்கிறது. 'கொஞ்ச நேரம் அசையாம உட்காருங்க' என்று கேட்டுக்கொள்ளலாம். பழத்திடம் அந்தப் பேச்சு எடுபடாது. மேசையில் வைத்த நிமிடத்திலிருந்தே அது மாறத் தொடங்கிவிடும். காலையில் பச்சையாக இருந்த காம்பு மறுநாள் பழுப்பாகும். தோலில் ஒரு கரும்புள்ளி வரும். நான்காம் நாள் பார்த்தால், தாளில் இருப்பது ஒரு பழம், தட்டில் இருப்பது வேறொரு பழம்.

பிரெஞ்சு ஓவியர் பால் செசான் இதை ஒப்புக்கொள்ளாதவர்போலப் பேசியிருக்கிறார். 1899-ல் அம்ப்ரோய்ஸ் வோலார் என்ற ஓவிய வியாபாரி அவருக்கு மாடலாக உட்கார்ந்தார். ஒருநாள் அசதியில் தூங்கி, நாற்காலியோடு சேர்ந்து கீழே விழுந்தார். 'ஆப்பிள்போல உட்காரச் சொன்னேனே, ஆப்பிள் அசையுமா?' என்ற தோரணையில் செசான் எரிந்து விழுந்ததாக வோலார் எழுதி வைத்திருக்கிறார். 115 முறை உட்காரவைத்த பிறகும் அந்தப் படம் முடியவில்லை. சட்டையின் முன்பக்கம் மட்டும் பரவாயில்லை என்றாராம் ஓவியர்! ஆனால், ஆப்பிள் அசையாது என்ற செசானையே அதன் வாட்டம் படுத்தி எடுத்தது. அவர் வேலை செய்யும் வேகத்துக்குள் பழங்கள் கெட்டுப்போகும். பூக்கள் இன்னும் மோசம் என்று காகிதப் பூக்களை வைத்து வரைந்திருக்கிறார்.

செசானுக்கு ஆப்பிள். திண்டுக்கல்லில் ஒருவர் தூரிகை எடுத்தால்?

மாடலுக்குப் பஞ்சமே இல்லாத ஊர் இது. 18 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி இறங்கும் சிறுமலை வாழை, எலுமிச்சை, பலா. நத்தம் பக்கத்திலிருந்து மாம்பழம். பழனி பக்கம் ஆயக்குடியிலிருந்து கொய்யா. மலையடிவாரத் தோட்டங்களிலிருந்து திராட்சை. கோடை சீசனில் கொடைக்கானலிலிருந்து பிளம்ஸும் பேரிக்காயும். சிறுமலையில் இன்றும் சில தோட்டங்களிலிருந்து விளைச்சலைக் குதிரைதான் சுமந்து வருகிறது. பொங்கலுக்கு அங்கே மாட்டைப்போலக் குதிரைக்கும் மரியாதை உண்டு.

வடக்கு ஜன்னல் எனும் வம்பு

ஓவியம் கற்றுத்தரும் வெளிநாட்டுப் புத்தகங்களில் முதல் பாடமே இதுதான்: வடக்கு பார்த்த ஜன்னல் ஓரத்தில் பழத்தை வை. அந்தப் பக்கம் வெயில் நேரடியாக விழாது, நிழல் நகராது, நாள் முழுக்க வெளிச்சம் ஒரே மாதிரி இருக்கும்.

லண்டனுக்கும் பாரிஸுக்கும் அது சரி. திண்டுக்கல்லுக்குச் சரிவராது. இந்த ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 10 டிகிரி தூரத்தில்தான் இருக்கிறது. ஏப்ரல் நடுவில் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு மேலே வந்து நிற்கும். அதன்பிறகு ஆகஸ்ட் கடைசிவரை நண்பகலில் அது இருப்பது வடக்கு வானத்தில். அதாவது, நத்தம் மாம்பழம் குவியும் நாட்களில் வடக்கு ஜன்னலைத் திறந்தால் வெயில் உள்ளே வந்துவிடும். மாம்பழத்தின் நிழல் மணிக்கொரு இடத்தில் கிடக்கும். அந்த நான்கு மாதங்களுக்குத் தெற்கு ஜன்னல்தான் நல்லது. மார்கழியிலோ கதை தலைகீழ். புத்தகத்தை நம்பியவர் மாம்பழ சீசனில் ஏமாறுவார். பள்ளி மாணவர்கள்கூட வீட்டில் ஒரு தக்காளியை வைத்துச் சோதித்துப் பார்க்கலாம்.

அடுத்த சிக்கல், கூட்டணி. தட்டில் வாழை, கொய்யா, மாம்பழம் மூன்றையும் சேர்த்து வைத்தால் பார்க்க அழகுதான். ஆனால் பழுக்கும் வாழை எத்திலீன் என்ற வாயுவை வெளியிடுகிறது. பக்கத்தில் இருக்கும் மற்ற காய்களையும் அது சேர்த்துப் பழுக்கவைக்கும். அரிசிப் பானையில் மாங்காயைப் புதைத்துவைப்பதும் இந்த வாயுவை வெளியே விடாமல் பிடித்து வைக்கத்தான். வரைகிறவருக்கு இது சங்கடம். மாம்பழத்தில் கைவைப்பதற்குள் கொய்யா கனிந்து, அறை முழுக்க மணந்து, எறும்பு வரிசை கட்டிவிடும். வாழையைத் தனித்தட்டில் வைத்து வரைந்துவிட்டு, படத்தில் மட்டும் மற்ற பழங்களோடு சேர்த்துக்கொள்வது நல்லது.

திராட்சைக்கு வேறு விதமான பொறுமை வேண்டும். கறுப்புத் திராட்சையின் மேல் சாம்பல் பூத்ததுபோல ஒரு வெண்பூச்சு இருக்கும். மருந்து அடித்த கறை என்று நினைத்துப் பலர் துடைத்துவிடுகிறார்கள். அது பழம் தானே சுரக்கும் மெழுகு. துடைத்த திராட்சை கண்ணாடிக் கோலிபோலப் பளபளக்கும். துடைக்காததுதான் கொடியில் இருந்த பழம்போலத் தெரியும். வாட்டர்கலரில் அந்த மெழுகைக் கொண்டுவர, நீலம் கலந்த வெளிறிய பூச்சை முதலில் போட்டுக் காயவிட்டு, அதன்மேல் விரல் பட்ட இடங்களை மட்டும் அடர் ஊதாவால் தொட வேண்டும். அவசரக்காரர்களுக்கு ஆகாத வேலை.

'அண்ணே, இதுல என் கடை வருமா?'

அறைக்குள் பழம் மாறிவிடுகிறது என்றால், வெளியே பழம் காணாமலே போகும். திண்டுக்கல் சிறுமலை செட் மாதிரியான இடத்தில் ஒரு வாழைத்தாரைப் பார்த்து வரைய உட்காருபவர், அது தனக்காக வைக்கப்படவில்லை என்பதை முதலிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும். மேல் சீப்பு இரண்டை முடிப்பதற்குள் விலை படிந்து, தார் லோடுமேன் தோளில் ஏறிவிடும். மீதியைப் பக்கத்துத் தாரை வைத்து வரையலாம். ஆனால் அதன் வளைவு வேறு, காம்பு வேறு.

அதனால் சந்தையில் வரைகிறவர்கள் முழுப்படம் போடுவதில்லை. முதல் ஐந்து நிமிடத்தில் பென்சிலால் மொத்த வடிவம். அடுத்து, மறுபடி கிடைக்காத நிறம் எதுவோ அது மட்டும் ஒரு தீற்று. மற்றதெல்லாம் வீட்டுக்கு வந்து. உலகம் முழுக்க 'அர்பன் ஸ்கெச்சர்ஸ்' என்ற பெயரில் 2007 முதல் தெருவில் உட்கார்ந்து வரையும் குழுக்கள் உருவாகியிருக்கின்றன. அவர்களுடைய முக்கிய விதி, நேரில் பார்த்துத்தான் வரைய வேண்டும் என்பது. சந்தைப் பழத்துக்கு அந்த விதி கொஞ்சம் கறார்தான்.

பார்வையாளர்கள் இன்னொரு பக்கம். ஒரு கோபுரத்தையோ மலையையோ வரைந்தால் சுற்றி நிற்பவர்கள் 'சூப்பர்' என்று சொல்லிவிட்டு நகர்வார்கள். பழத்தை வரைந்தால் நிற்கிற அத்தனை பேரும் நிபுணர்கள். இது ரஸ்தாளி மாதிரி இருக்கு, சிறுமலை இவ்வளவு நீளம் வராது, காம்புகிட்ட இன்னும் கொஞ்சம் பச்சை போடுங்க. வாழ்நாள் முழுக்க அந்தப் பழத்தைத் தொட்டு, தூக்கி, விலை பேசிய கண்கள் சொல்லும் குறை அது. எந்தக் கல்லூரியிலும் இப்படி ஒரு தேர்வுக் குழு அமையாது. நடுவில் ஒருவர், படத்தில் தன் கடை வருமா என்று கேட்பார். இன்னொருவர், வரைந்த பழத்தைச் சாப்பிடச் சொல்லி நீட்டுவார். பல சமயம் அதுதான் மாடல்.

இந்தக் கூட்டத்துக்கு நடுவே நின்று காலம்காலமாகப் பழம் வரைந்தவர்கள் நம் ஊரில் ஏற்கெனவே இருந்தார்கள். சுவர் ஓவியர்கள். ஜூஸ் கடையின் பக்கவாட்டுச் சுவரில் சாரம் கட்டி ஏறி, கட்டம் போட்டு, எனாமல் பெயின்ட்டில் அன்னாசியும் பிளந்த மாதுளையும் வரைந்தவர்கள். அவர்கள் வரையும் ஆப்பிளில் வெள்ளையாக ஓர் 'ஷைன்' இருக்கும். எதிர்ச் சாரியில் பஸ்ஸில் போகிறவருக்கும் தாகம் எடுக்கவைக்கும் வித்தை அந்த ஒரு வெள்ளைத் தீற்றுதான். சுவரில் இருக்கும் பழம் அழுகாது, வெயிலில் வெளுக்கும். முதலில் போவது சிவப்பு. பழைய கடைச் சுவர்களில் ஆப்பிள் இளஞ்சிவப்பாகவும் இலை மட்டும் நீலப்பச்சையாகவும் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஃப்ளெக்ஸ் பேனர் வந்ததும் அந்த வேலையின் பெரும்பகுதி போனது. இணையத்தில் இறக்கிய ஸ்ட்ராபெர்ரியும் கிவியும் கடை முகப்புக்கு வந்தன.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தச் சுவர்களிலும் சரி, ஃப்ளெக்ஸிலும் சரி, உள்ளூர் வாழைக்கு இடம் அபூர்வம். 'ஏ ஃபார் ஆப்பிள்' படித்து, ஆப்பிள் வரைந்து பழகிய கை எல்லோருக்கும். சிறுமலையின் நிழலில் வளரும் பிள்ளைக்கும் பழம் என்றால் முதலில் சிவப்பு க்ரேயான்தான்!

மரத்தோடு போட்டியிட்ட மனிதர்

பழத்தோடு ஓர் ஓவியர் நடத்திய போராட்டத்தை முழுதாகப் பார்க்க வேண்டுமானால், ஸ்பெயின் இயக்குநர் விக்டர் எரிஸே எடுத்த படம் இருக்கிறது. அந்தோனியோ லோபஸ் கார்சியா என்ற நிஜ ஓவியர், 1990-ம் ஆண்டு இலையுதிர் காலத்தில் மாட்ரிட்டில் தன் வீட்டுத் தோட்டத்தில் தானே நட்ட குவின்ஸ் மரத்தை வரையத் தொடங்குகிறார். ஆப்பிளுக்கும் பேரிக்காய்க்கும் நடுவில் இருக்கும் மஞ்சள் பழம் அது. அதன்மேல் விழும் வெயிலைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

தினமும் ஒரே இடத்தில் நிற்பதற்காகத் தரையில் ஆணி அடித்துக் காலுக்கு அடையாளம் வைக்கிறார். தூக்குக்குண்டு நூல் தொங்கவிடுகிறார். பழங்கள் கனத்துக் கீழே இறங்குவதைக் கண்டுபிடிக்க, பழத்திலும் இலையிலும் வெள்ளைக் கோடு போடுகிறார். மழை வந்ததும் மரத்துக்கே பிளாஸ்டிக் கூடாரம். வந்துபோகும் நண்பர் ஒருவர் இலையைக் குச்சியால் தூக்கிப் பிடித்துக்கொள்கிறார். வீட்டில் வேலைபார்க்கும் கட்டடத் தொழிலாளிகள் அந்தப் பழத்தைத் தின்றும் பார்க்கிறார்கள். வெயில் கிடைக்கவில்லை. வண்ண ஓவியத்தைப் பாதியில் நிறுத்தி, பென்சில் சித்திரத்துக்கு மாறுகிறார். அதுவும் முடிவதற்குள் பழங்கள் உதிரத் தொடங்குகின்றன. விட்டுவிடுகிறார். முடிக்க முடியாத ஓவியத்தைப் பற்றிய அந்தப் படம் 1992 கான் திரைப்பட விழாவில் ஜூரி பரிசு வாங்கியது. இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஓடும், மெதுவான படம். வேகமாக ஓட்டிப் பார்த்தால் ஒன்றும் புரியாது.

படம் இருந்திருந்தால்?

பழம் மாறுவது ஒரு வாரக் கதை மட்டுமில்லை. சில பழங்கள் ஒரு தலைமுறைக்குள் தோட்டத்தைவிட்டே போய்விடுகின்றன.

பழனி மலையின் விருப்பாச்சி வாழைக்கும் சிறுமலை வாழைக்கும் 2008-09-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழனி பஞ்சாமிர்தத்துக்குப் பேர் வாங்கித் தந்தது இந்த மலை வாழைதான். சதையில் தண்ணீர்ச்சத்து குறைவு என்பதால் பஞ்சாமிர்தம் சீக்கிரம் கெடாது. ஆனால் குறியீடு கிடைப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே முடிக்கொத்து நோய் மலைத்தோட்டங்களைச் சுருட்டிவிட்டிருந்தது. அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ் நோய் இது. வாழையின் உச்சியில் இலைகள் சிறுத்து, விறைத்து, கொத்தாக நிற்கும். அப்படி ஆன மரம் தார் தள்ளாது. வைரஸ் இல்லாத திசு வளர்ப்புக் கன்றுகளை நட்டுத்தான் இந்த ரகங்களை மீட்டெடுக்கப் பாடுபட்டார்கள். மலை வாழை பிழைத்துக்கொண்டது. எல்லாப் பழத்துக்கும் அந்த யோகம் வாய்ப்பதில்லை.

இந்த இடத்தில்தான் பழ ஓவியம் அலங்காரத்தைத் தாண்டி ஆவணமாகிறது. அமெரிக்க வேளாண் துறை 1886-ல் இதைப் புரிந்துகொண்டது. கலர் போட்டோ வசதி இல்லாத காலம். நாடு முழுக்க விவசாயிகள் அனுப்பிய பழங்களை வரைய ஓவியர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தியது. அடுத்த அரை நூற்றாண்டில் சுமார் 7,500 வாட்டர்கலர் ஓவியங்கள் சேர்ந்தன. பாதிக்கு மேல் ஆப்பிள்தான். டெபோரா கிரிஸ்கம் பாஸ்மோர் என்ற பெண்மணி 1892-ல் வேலைக்குச் சேர்ந்து, 1911-ல் இறக்கும்வரை ஏறத்தாழ 1,500 ஓவியங்கள் வரைந்தார். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அவர் ஒருவருடையது. அழகான பழத்தை மட்டும் அவர்கள் வரையவில்லை. புழு துளைத்தது, பூஞ்சை பிடித்தது, அடிபட்டது, குறுக்கே அறுத்து விதை தெரிய வைத்தது எல்லாம் உண்டு. இன்று பாழடைந்த தோட்டத்தில் பெயர் தெரியாத பழைய ஆப்பிள் மரம் ஒன்று கிடைத்தால், அது எந்த ரகம் என்று ஒப்பிட்டுப் பார்க்க ஆர்வலர்கள் தேடிப்போவது இந்தப் படங்களைத்தான். மொத்தமும் இணையத்தில் இலவசம்.

ரங்கய்யா, கோவிந்து

நம் பக்கம் அப்படி யாரும் வரையவில்லையா என்றால், வரைந்தார்கள். அமெரிக்காவுக்கு அரை நூற்றாண்டு முன்பே.

ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1819-ல் கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்காக மதராஸ் மாகாணத்துக்கு வந்தார். மருத்துவத்தைவிடத் தாவரங்கள்மேல் அவருக்குப் பித்து அதிகம். 1836-ல் பழனி மலையில் ஏறி, அங்கே கண்டதை அடுத்த ஆண்டு கட்டுரையாக வெளியிட்டார். பிறகு கோயம்புத்தூரில் பருத்திப் பண்ணையைப் பார்த்துக்கொண்டே தாவர நூல்களைக் கொண்டுவந்தார். 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வந்த அவருடைய 'ஐகோன்ஸ்' நூலில் மட்டும் 2,101 சித்திரத் தட்டுகள்.

இவ்வளவு படங்களையும் வரைந்தது யார்? வைட் அமர்த்திய இந்திய ஓவியர்கள். முதலில் ரங்கய்யா. 1840-களின் நடுவிலிருந்து கோவிந்து. செடியோ கிளையோ வாடுவதற்குள் வேலையை முடித்தாக வேண்டும் என்பதில் லோபஸுக்கு இருந்த அதே நெருக்கடி இவர்களுக்கும் இருந்தது. அதோடு இன்னொன்று: இவர்களுடைய பழம் அழகாக இருந்தால் மட்டும் போதாது. காயை அறுத்தால் எத்தனை அறை, விதை எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறது, தோல் எவ்வளவு தடிமன் என்பதெல்லாம் சரியாக இருக்க வேண்டும். ஓர் அறை பிசகினால் வேறு குடும்பத்துச் செடியாகிவிடும். சந்தையில் 'இது சிறுமலை இல்லை' என்று சொல்லும் வியாபாரியைப்போல, உலகம் முழுக்க இருந்த தாவரவியலாளர்கள் இவர்களுடைய பார்வையாளர்கள்.

அந்தக் காலத்தில் ஆங்கிலேயர்களுக்கு வரைந்துகொடுத்த இந்திய ஓவியர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பெயரே இல்லாமல் போனது. இந்த இருவர் விஷயத்தில் வைட் நேர்மையாக நடந்துகொண்டார். சித்திரத் தட்டுகளில் அவர்களுடைய பெயர் அச்சானது. அதோடு நிற்கவில்லை. நீஸ் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் 1832-ல் ஒரு செடிப் பேரினத்துக்கு 'ரங்கியா' என்று பெயர் வைத்தார். ரங்கய்யாவின் பெயர்தான் அது. கோவிந்துவின் பெயரால் வைட் ஓர் ஆர்க்கிட் வகைக்கு 'கோவிந்தூயியா' என்று சூட்டினார். பிற்பாடு அந்தச் செடியை வேறு பேரினத்தில் சேர்த்துவிட்டதால் அந்தப் பெயர் வழக்கில் இல்லை. ரங்கியா இருக்கிறது. தமிழ்நாட்டில் தரையோரம் முளைக்கும் சிறு செடிகள் சில அந்தப் பேரினத்தைச் சேர்ந்தவை. பெயர் தெரியாமல் நாம் தாண்டிப்போகும் ரகம்.

அவர்கள் கைப்பட வரைந்த ஓவியங்களில் பெரிய தொகுப்பு ஒன்று எடின்பரோ அரசு தாவரவியல் பூங்காவில் பத்திரமாக இருக்கிறது. அங்கே பணியாற்றிய ஹென்றி நோல்டி பல ஆண்டுகள் ஆய்ந்து, 2007-ல் மூன்று தொகுதிகளாகப் புத்தகம் கொண்டுவந்தார். அதில் ஒரு தொகுதி முழுக்க ரங்கய்யா, கோவிந்து ஓவியங்களுக்கே.

வைட்டின் நூல்கள் 'பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி' இணையதளத்தில் ஸ்கேன் செய்யப்பட்டிருக்கின்றன, காசு கட்ட வேண்டாம். போனில் திறந்து, ஏதாவது ஒரு சித்திரத் தட்டைப் பெரிதாக்குங்கள். முதலில் கண்ணில் படுவது இலையும் காயும்தான். விரலால் இன்னும் கொஞ்சம் கீழே தள்ளினால், ஓரத்தில் எறும்பு அளவு எழுத்தில் 'ரங்கியா' அல்லது 'கோவிந்து' என்று இருக்கும். பக்கத்தில் உள்ள 'டெல்.' என்பது லத்தீன் சுருக்கம். 'வரைந்தவர்' என்று அர்த்தம்.